ஆணி பூட்ஸும் ஐந்து தோட்டாவும்

எட்டாம் வகுப்பில் என்.சி.சி.யில், அதாவது தேசிய மாணவர் படையில், எனக்குக் கொடுத்த பூட்ஸ் 9ஆம் நம்பர். என் கால் அப்போது 6. ஸ்டோர் அறையில் மிச்சம் இருந்தது அது ஒன்றுதான். "முன்னாடி துணியைத் திணிச்சுக்கடா, ரெண்டு வருஷத்துல சரியாப் போயிடும்" என்றார் என்.சி.சி சார். அடியில் ஆணியும் குதிகாலில் லாடமும் அடித்த கருப்பு பூட்ஸ் அது. சிமெண்டுத் தரையில் நடந்தால் தெருவே திரும்பிப் பார்க்கும். அம்மாவின் பழைய சேலைக் கிழிசலை இரண்டு பந்தாக உருட்டி உள்ளே வைத்துக்கொண்டு நான் போன முதல் பரேடு 1994 ஜூலையில், ஒரு சனிக்கிழமை காலை. வீட்டில் அதுவரை யாரும் பூட்ஸ் போட்டதில்லை. அப்பா வாசலில் நின்று, நான் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

இந்த ஜூனில் என் அக்கா மகள் அவள் பள்ளியில் என்.சி.சி.யில் சேர்ந்தாள். சேர்ந்த அன்று மாலை போனில், "மாமா, இதை யாரு, எதுக்கு ஆரம்பிச்சாங்க? ஆர்மிக்கு ஆள் எடுக்கவா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்து நிறுத்திக்கொண்டேன். ஆமாம் என்பது பாதி பதில்தான். மீதியைச் சொல்ல எனக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஆயிற்று. அவளிடம் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

தொடக்கம் 1917. முதல் உலகப் போரில் பிரிட்டனுக்கு ஆள் போதவில்லை. அந்த வருடம் வந்த இந்தியப் பாதுகாப்புப் படைச் சட்டத்தின் கீழ் பல்கலைக்கழக மாணவர்களுக்கென ஒரு பிரிவை உண்டாக்கினார்கள். யூனிவர்சிட்டி கோர் என்று பெயர். போர் முடிந்ததும், 1920இல், பிராந்தியப் படைச் சட்டம் வந்தது. பல்கலைக்கழகப் பயிற்சிப் படை, அதாவது யு.டி.சி, பிறந்தது. கல்லூரிப் பையன்கள் காக்கி போட்டு, துப்பாக்கி பிடித்து, அணிவகுத்தார்கள். ஆனால் படிப்பை முடித்த பிறகு அவர்கள் அதிகாரியாக உயர இடம் மிகக் குறைவு. துப்பாக்கியைக் கையில் கொடுத்த அரசுக்கு, அதே கையின் மேல் பயமும் இருந்தது.

அந்தப் பயம் வீண் இல்லை. கல்கத்தா பிரெசிடென்சி கல்லூரியில் ஓர் ஆங்கிலப் பேராசிரியர் தாக்கப்பட்ட விவகாரத்தில் 1916இல் ஒரு மாணவன் வெளியேற்றப்பட்டான். பிறகு அவன் ராணுவத்தில் சேரப் போனான். கண் பார்வை சரியில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். 1917இல் ஸ்காட்டிஷ் சர்ச் கல்லூரியில் இடம் கிடைத்தபோது பல்கலைக்கழகப் படைப்பிரிவும் தொடங்கியிருந்தது. சேர்ந்தான். கூடாரத்தில் தங்கி, துப்பாக்கி சுடப் பழகினான். அவன் சுபாஷ் சந்திர போஸ். 1928 கல்கத்தா காங்கிரஸில் தொண்டர் படைக்குச் சீருடை போட்டு, தானே தளபதியாக முன்னால் நடந்ததும், பிறகு சிங்கப்பூரில் இந்திய தேசிய ராணுவத்தின் முன் நின்றதும் நாமெல்லாம் அறிந்த கதை. அந்த நடைக்கு முதல் பாடம் பிரிட்டிஷ் அரசு தன் தேவைக்காகத் திறந்த மாணவர் முகாமில் கிடைத்தது. பையனுக்கு நடக்கச் சொல்லித்தரலாம். அவன் எந்தப் பக்கம் நடப்பான் என்பது யார் கையிலும் இல்லை. இதை அவளிடம் சொன்னபோது போனில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம், "நேதாஜி நம்ம சீனியரா மாமா?" என்றாள். ஒரு வகையில் ஆமாம்தான்.

1942இல் யு.டி.சி.யின் பெயரை மாற்றி, பல்கலைக்கழக அதிகாரிகள் பயிற்சிப் படை என்றாக்கினார்கள். இரண்டாம் உலகப் போருக்கு அதிகாரிகள் வேண்டியிருந்தார்கள். எதிர்பார்த்த அளவுக்கு வரவில்லை. பெயரை மாற்றினால் மட்டும் ஆள் வந்துவிடுமா?

அந்தத் தோல்வியிலிருந்துதான் இன்றைய என்.சி.சி.யின் யோசனை கிளம்பியது. 1946இல் பண்டித ஹிருதயநாத் குன்ஸ்ரு தலைமையில் ஒரு குழு அமைத்தார்கள். குன்ஸ்ரு படையில் இருந்தவர் இல்லை. கோகலே தொடங்கிய, நம் வலங்கைமான் ஸ்ரீநிவாச சாஸ்திரி ஒரு காலத்தில் தலைமை வகித்த இந்திய ஊழியர் சங்கத்தைச் சேர்ந்தவர். பின்னாளில் பாரத ரத்னா தேடி வந்தபோது, இப்படிப்பட்ட பட்டங்களை எதிர்த்துப் பேசியவன் நான் என்று சொல்லி மறுத்தவர். மாணவர் படை எப்படி இருக்க வேண்டும் என்று இப்படி ஒருவரிடம் கேட்டார்களே, அதை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் நிறைகிறது. 1947 மார்ச்சில் குழு அறிக்கை கொடுத்தது. கல்லூரிக்கு ஒரு பிரிவு, பள்ளிக்கு ஒரு பிரிவு, பெண்களுக்கு ஒரு பிரிவு. பள்ளிப் பிள்ளைகளையும் பெண்களையும் உள்ளே கொண்டுவந்தது அந்த அறிக்கைதான். அதுவரை இது கல்லூரி ஆண்களின் சங்கதி.

1948 ஏப்ரல் 8ஆம் தேதி அரசியல் நிர்ணய சபை, சட்டம் இயற்றும் அவையாகக் கூடி, தேசிய மாணவர் படைச் சட்டத்தை நிறைவேற்றியது. ஜூலையில் படை தொடங்கியது. காஷ்மீரில் சண்டை நடந்துகொண்டிருந்த நேரம் அது. முதல் இயக்குநர் கர்னல் கோபால் குருநாத் பேவூர். மானெக்‌ஷாவுக்குப் பிறகு 1973இல் ராணுவத் தலைமைத் தளபதியானவர் இவரேதான். 1949இல் பெண்கள் பிரிவு, 1950இல் விமானப் பிரிவு, 1952இல் கடற்படைப் பிரிவு என்று வரிசையாக வந்தன. 20,000 பேரோடு தொடங்கிய படையில் இன்று பத்து லட்சத்துக்கும் மேல் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

சட்டத்தின் அடிப்படையில் ஒரு விஷயம் உண்டு. பலருக்கு அது தெரிவதில்லை. என்.சி.சி.யில் இருந்தவன் போருக்குப் போக வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது. ஆரம்ப கால நோக்கங்களில் மூன்றாவது, அவசர காலத்தில் படையை வேகமாகப் பெருக்க அதிகாரிகளின் இருப்பு ஒன்றை உண்டாக்குவது. முதல் இரண்டும் குணம், தோழமை, சேவை, தேசப் பாதுகாப்பில் ஆர்வம் என்று போகும். ஒரே படைக்குள் இரண்டு ஆசைகள். ஒன்று சிப்பாய் வேண்டும் என்பது, மற்றது நல்ல பிள்ளை வேண்டும் என்பது. இதற்கு அப்புறம் நடந்ததெல்லாம் இந்த இரண்டும் மாறி மாறி இழுத்த கதைதான்.

1962இல் சீனாவிடம் அடி வாங்கியபோது முதல் ஆசை ஜெயித்தது. 1963இல் கல்லூரி ஆண் மாணவர்கள் அனைவருக்கும் என்.சி.சி கட்டாயம் ஆயிற்று. எங்கள் ஊர்ப் பெரியவர்களில் அந்தக் காலத்தில் படித்தவர்கள் இன்னும் அதைச் சொல்வார்கள். சீருடை பற்றாது, துப்பாக்கி பற்றாது, சொல்லித்தர ஆள் பற்றாது. மைதானத்தில் நூற்றுக்கணக்கில் நிற்பார்கள், கால் மாற்றுவதைப் பார்க்க ஒருவர் இருப்பார். விருப்பமில்லாதவன் பின்வரிசையில் நின்று நேரத்தை ஓட்டுவான். கட்டாயப்படுத்தினால் எண்ணிக்கை கூடும், பயிற்சி மெலியும். அந்த ஐந்து வருடத்தில் அதுதான் நடந்தது என்பது என் எண்ணம்.

ஆனாலும் 1965 போரிலும் 1971 போரிலும் கேடட்டுகள், அதாவது என்.சி.சி மாணவர்கள், சும்மா இருக்கவில்லை. வெடிமருந்துத் தொழிற்சாலைகளுக்கு உதவினார்கள். போர்முனைக்கு ஆயுதம் போய்ச்சேர கை கொடுத்தார்கள். பாராசூட்டில் இறங்கும் எதிரிகளைத் தேடும் ரோந்துகளில் போனார்கள். ஊருக்குள் போக்குவரத்தையும் மீட்பு வேலையையும் பார்த்தார்கள். பதினெட்டு, இருபது வயதுப் பிள்ளைகள்.

தமிழ்நாட்டில் இந்தக் காலம் இன்னொரு விதமாகக் கொதித்தது. 1965 ஜனவரியில் இந்தித் திணிப்பை எதிர்த்து வீதிக்கு வந்த கல்லூரி மாணவர்களில் பெரும்பாலோர் அதே வருடம் கட்டாய என்.சி.சி.யிலும் நின்றிருப்பார்கள், சட்டம் அப்படி. மைதானத்தில் கேட்ட கட்டளையோ இந்தி. 1967இல் ஆட்சி மாறியது. 1968 ஜனவரி 23 அன்று அண்ணா முதல்வராக இருந்தபோது சட்டமன்றம் மொழித் தீர்மானம் நிறைவேற்றியது. மும்மொழித் திட்டம் வேண்டாம், பாடத்திட்டத்தில் இந்தி வேண்டாம் என்பதோடு, என்.சி.சி.யில் இந்திக் கட்டளைச் சொற்கள் கூடாது என்பதும் அதில் இருந்தது. ஒரு மாநிலத்தின் சட்டமன்றம் பிள்ளைகளின் அணிவகுப்புக் கட்டளையைப் பற்றிப் பேசியிருக்கிறது. எனக்கு அது சின்ன விஷயமாகத் தெரியவில்லை. உடம்பு எந்த மொழிக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்பது பெரிய கேள்வி.

அதே 1968இல் கட்டாயம் விலகியது. மறுவருடம் காந்தி நூற்றாண்டில், செப்டம்பர் 24ஆம் தேதி, 37 பல்கலைக்கழகங்களில் 40,000 மாணவர்களோடு நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கியது. துப்பாக்கி வேண்டாம் என்பவனுக்கு மண்வெட்டி. இரண்டும் சமம் என்றுதான் நான் நினைக்கிறேன். 1971க்குப் பிறகு என்.சி.சி.யின் பாடத்திட்டமும் மாறியது. போர்ப் பயிற்சி குறைந்து, தலைமைப் பண்பும் சமூக சேவையும் கூடின. ரத்த தானம், மரம் நடுதல், புயல் நிவாரணம் எல்லாம் அந்த மாற்றத்தின் வழியாக எங்கள் வரை வந்தவை.

ஆனால் கட்டளை எங்கள் காலத்திலும் இந்திதான். சாவ்தான், விஷ்ராம், தாஹினே முட், பாயே முட், தேஜ் சல், தம். வரிசையில் நின்ற நாற்பது பேரில் ஒருவனுக்கும் இந்தி தெரியாது. 'பாயே' என்றால் இடது என்று எங்களுக்கு யாரும் அர்த்தம் சொல்லித் தரவில்லை. உடம்பு தானாகக் கற்றுக்கொண்டது. என்.சி.சி பட்டாலியனில் இருந்து பயிற்சி தர வரும் ஹவில்தார் மெட்ராஸ் ரெஜிமெண்டைச் சேர்ந்தவர், தேனிப் பக்கத்துக்காரர். உஸ்தாத் என்றுதான் கூப்பிடுவோம். ஒருநாள் பரேடு முடிந்து, பொட்டலத்தில் வந்த பூரியும் கிழங்கும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ஒருத்தன் கேட்டுவிட்டான்: "உஸ்தாத், ஏன் தமிழ்ல சொல்லக் கூடாது?" அவர் கோபப்படவில்லை. கையைக் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்தார். "வரிசையில நிக்குறவன்ல ஒருத்தன் ஒரிசா, ஒருத்தன் அசாம். எல்லாருக்கும் ஒரே நேரத்துல கால் எழும்பணும்ல? ஆனா ஒண்ணு தெரிஞ்சுக்கங்க. சாகப் போற நேரத்துல எங்க ரெஜிமெண்ட் கத்துறது இந்தி இல்ல" என்று சொல்லி எழுந்து நின்று, மைதானம் அதிரக் கத்திக் காட்டினார்: "வீர மதராசி, அடி கொல்லு, அடி கொல்லு!" நாற்பது பேருக்கும் மயிர் சிலிர்த்தது. அந்த வருடம் முழுக்க நாங்கள் கபடிக்கும் அதையே கத்தினோம்.

அவர் சொன்ன காரணம் எனக்கு இன்னும் முழுதாகச் சம்மதம் இல்லை. மொழித் தீர்மானத்தின் நியாயம் பெரியவனான பிறகு படித்தபோது புரிந்தது. உஸ்தாதின் குரலும் காதில் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துத்தான் வைத்திருக்கிறேன்.

சுடும் பயிற்சியைப் பற்றிச் சொல்லாமல் என்.சி.சி.யைப் பற்றி எழுத முடியாது. பள்ளி மைதானத்தில் நாங்கள் தூக்கி நடந்தது .303. நாலு கிலோ இருக்கும், சுடாது, பரேடுக்கு மட்டும். நிஜமாகச் சுடுவது வருடாந்திர முகாமில், பத்து நாளில் ஒரே ஒரு நாள், .22 ரைபிளில். ஆளுக்கு ஐந்து தோட்டா. ஐந்தே ஐந்து. அதற்காக வருடம் முழுக்கக் காத்திருப்போம். ஒரு குன்றின் அடிவாரத்தில் மண்மேடு கட்டிய சுடுதளம். தரைவிரிப்பில் குப்புறப் படுத்து, இடது முழங்கையை ஊன்றி, கன்னத்தைத் துப்பாக்கிக் கட்டையில் ஒட்டி, மூச்சை விட்டுப் பாதியில் நிறுத்து, விரலை இழுக்காதே, எலுமிச்சம்பழம் பிழிகிற மாதிரி அமுக்கு என்பார் உஸ்தாத். கட்டையில் எனக்கு முன் படுத்தவர்களின் வியர்வையும் எண்ணெயும் கலந்து வாடை அடிக்கும். முதல் குண்டு போனதும் காதில் ஊசி போல ஒரு சத்தம், பிறகு ஒன்றுமே கேட்காது. ஐந்தும் போட்டுவிட்டு எழுந்தால், காலி கேஸ், அதாவது தோட்டாவின் வெற்றுக் கூடு, ஐந்தையும் பொறுக்கிக் கையில் கொடுக்க வேண்டும். கடுக்காய் அளவு கூட இருக்காது அது.

இரண்டாம் வருட முகாமில் என் பக்கத்தில் படுத்தவனின் கேஸ் ஒன்று காணாமல் போயிற்று. நாலுதான் இருக்கிறது. அத்தோடு சுடுவது நின்றது. அத்தனை பேரும் வரிசையாகக் குத்தவைத்து, ஒருவர் தோள் ஒருவர் மேல் படும்படி, புல்லைக் கையால் அளைந்துகொண்டே முன்னால் நகர்ந்தோம். திரும்பி வந்தோம். மறுபடியும் போனோம். வெயில் சாய்ந்தது. காணாமல் விட்டவன் அழுதுகொண்டே தேடினான். அவனை யாரும் ஒரு வார்த்தை திட்டவில்லை. என்.சி.சி சார், எங்களுக்குக் கணக்கு எடுக்கிறவர், ஐம்பதை நெருங்கிய மனிதர், கஞ்சி போட்ட காக்கி கசங்க எங்களோடு மண்டி போட்டுத் தேடினார். கடைசியில் அவனுடைய சுருட்டிவிட்ட சட்டைக் கையின் மடிப்பில் இருந்து விழுந்தது. சுடும்போது தெறித்து அங்கே போய் உட்கார்ந்திருக்கிறது. உஸ்தாத் அதை வாங்கி மற்ற நாலோடு சேர்த்து வைத்து, நோட்டில் எழுதி, கையெழுத்துப் போட்டார். "குண்டு உன்னுது இல்லப்பா, நாட்டோடது. ஒவ்வொண்ணுக்கும் கணக்கு இருக்கு" என்றார். இருட்டிய பிறகுதான் சோறு.

ஆயுதம் என்றால் என்ன என்று எனக்குத் தெரியவந்தது அன்றைக்குத்தான். சுட்ட ஐந்து குண்டில் எத்தனை வட்டத்துக்குள் போயிற்று என்பது மறந்துவிட்டது.

அந்தக் கணக்கு சாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். என்.சி.சி.யின் வரலாற்றில் சட்டமும் குழுவும் தளபதியும் வருவார்கள், பள்ளி ஆசிரியர் வரமாட்டார். இணை என்.சி.சி அலுவலர் என்பது பதவியின் பெயர். ஆசிரியர் வேலையோடு சேர்த்து இதையும் சுமப்பவர். அதற்காக நாக்பூர் பக்கத்தில் உள்ள காம்ப்டிக்குப் போய்ப் பயிற்சி எடுத்து வர வேண்டும். ஆசிரியைகள் என்றால் குவாலியர். குடும்பத்தை விட்டுவிட்டு, நடுத்தர வயதில், இருபது வயதுக்காரன் ஓடும் ஓட்டம் ஓட வேண்டும். எங்கள் சார் போய் வந்தார். சனிக்கிழமை விடுமுறை அவருக்குக் கிடையாது. முகாமுக்குப் போகும் பிள்ளைகளின் வீட்டில் சம்மதம் வாங்க, சைக்கிளில் ஊர் ஊராகப் போவார். என் அப்பாவிடம் வந்து, "பத்து நாள் எம் பொறுப்பு" என்று சொன்னதை நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன். அந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் இந்தப் படை நிற்கிறது என்று இன்றும் நம்புகிறேன்.

அந்தப் பொறுப்பு இல்லாத இடத்தில் என்ன நடக்கும் என்பதையும் பார்த்துவிட்டோம். 2024 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் என்.சி.சி பிரிவே இல்லாத ஒரு தனியார் பள்ளியில், தொடர்பே இல்லாத ஆட்கள் என்.சி.சி என்ற பெயரில் முகாம் நடத்தி, சிறுமிகளுக்குக் கொடுமை செய்தார்கள். செய்தியைப் படித்த அன்று எனக்கு இரவு தூக்கம் இல்லை. காக்கியைப் பார்த்ததும் பெற்றோருக்கு வரும் நம்பிக்கையை 70 வருடமாக எங்கள் சாரைப் போன்றவர்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். அதைத் திருடினார்கள் அவர்கள். அக்கா மகள் சேர்கிறேன் என்றதும் நான் முதலில் செய்தது, அவள் பள்ளியின் பிரிவு எந்த பட்டாலியனின் கீழ் வருகிறது, பொறுப்பு ஆசிரியை யார் என்று நேரில் போய் விசாரித்ததுதான். எல்லாப் பெற்றோரும் அதைக் கேட்க வேண்டும். கேட்டால் பள்ளி கோபித்துக்கொள்ளாது. கோபித்துக்கொண்டால் அங்கே அனுப்ப வேண்டாம்.

சரி, ராணுவத்துக்கு ஆள் எடுக்கவா என்ற கேள்விக்கு வருகிறேன். வழி இருக்கிறது. கல்லூரியில் என்.சி.சி.யின் உயர்ந்த சான்றிதழான 'சி' வாங்கிய பட்டதாரிக்கு எழுத்துத் தேர்வு இல்லாமல் நேராக, படை அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி நேர்காணலுக்குப் போகும் சிறப்பு நுழைவு உண்டு. தேறினால் பயிற்சி நம் பரங்கிமலையிலேயே. 1962 போருக்குப் பிறகு, 1963இல், அவசரமாக அதிகாரிகளை உருவாக்கத் தொடங்கிய பள்ளிதான் இன்றைய அதிகாரிகள் பயிற்சி அகாடமி. நாலு வருடத்துக்குச் சிப்பாய் எடுக்கும் அக்னிவீர் தேர்விலும் என்.சி.சி.க்குக் கூடுதல் மதிப்பெண் உண்டு. ஆனால் என் வரிசையில் நின்ற நாற்பது பேரில் படைக்குப் போனவர்கள் மூன்றே பேர். மூவரும் சிப்பாயாகத்தான் சேர்ந்தார்கள். மற்றவர்கள் கடை வைத்தார்கள், லாரி ஓட்டினார்கள், ஆசிரியரானார்கள். அதிகாரிகளை உண்டாக்கவென்று 1948இல் எழுதிய படை, எங்கள் ஊரில் அதிகாரி எவரையும் உண்டாக்கவில்லை. ஆனால் அந்த நாற்பது பேரில் பலர் ரயிலில் முதன்முதலாகப் போனது முகாமுக்குத்தான். வேறு சாதிக்காரன் பக்கத்தில் படுத்து, ஒரே பந்தியில் தட்டு நீட்டி, ஒரே கக்கூஸைக் கழுவியதும் அங்கேதான். எங்கள் ஊரில் 1994இல் அது வேறெங்கும் நடக்காது.

2020இல் எல்லையோர, கடலோர மாவட்டங்களில் ஒரு லட்சம் பேரைப் புதிதாகச் சேர்ப்போம், மூன்றில் ஒரு பங்கு பெண்கள் என்று பிரதமர் அறிவித்தார். 2021இல் என்.சி.சி.யை மறுபரிசீலனை செய்ய அமைத்த குழுவில் தோனியும் ஆனந்த் மஹிந்திராவும் இருந்தார்கள். செலவைப் பள்ளியே ஏற்கும் சுயநிதித் திட்டமும் வந்திருக்கிறது. எனக்கு இதில் கவலை உண்டு. காசு உள்ள பள்ளி வரிசையில் முந்தினால், சேலைக் கிழிசலைத் திணித்துக்கொண்டு நடக்கும் பையன் எங்கே நிற்பான்? பிரிவு கேட்டுக் காத்திருக்கும் அரசுப் பள்ளிகளுக்கு முதலில் கொடுங்கள். கூடவே அதைச் சுமக்கும் ஆசிரியருக்கு வகுப்பைக் குறைத்துக் கொடுங்கள். லட்சக்கணக்கில் கேடட்டைச் சேர்ப்பதற்கு முன் அவர்களுக்காக மண்டி போடும் சார்களைச் சேர்க்க வேண்டும்.

போன ஞாயிறு அவள் வீட்டுக்குப் போயிருந்தேன். பூட்ஸை எடுத்து வந்து முன்னால் வைத்தாள். இப்போது ஆணி இல்லை, ரப்பர் அடி. நம்பரும் அவளுக்குச் சரியாக இருக்கிறது. "பளபளன்னு வரவே மாட்டேங்குது மாமா." படியில் உட்கார்ந்தோம். பஞ்சை விரலில் சுற்றி, பாலிஷைத் தொட்டு, ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு, முனையில் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்க்கச் சொன்னேன். அழுத்தக் கூடாது. நாலு சுற்றுக்கு ஒன்றும் தெரியாது. அவள் பொறுமை இழந்து நிமிர்ந்தாள். இன்னும் ஒரு சொட்டு விடு என்றேன். குனிந்து தேய்க்க ஆரம்பித்தாள்.